சாவிக்கொத்தும் கருவேல விறகும்

காலனி ஆட்சியில் ஒரு மத இயக்கம் அரசியல் பலம் பெற அதன் சாமர்த்தியம் மட்டும் போதாது, எதிரே இருக்கும் அரசும் கொஞ்சம் அசட்டுத்தனமாக நடந்துகொள்ள வேண்டும். 1920களின் பஞ்சாபைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இப்படித்தான் தோன்றும்.

சீக்கியச் சீர்திருத்தக்காரர்களான அகாலிகள் முதலில் கேட்டது சுயராஜ்ஜியம் இல்லை, குருத்வாரா எனும் சீக்கியக் கோயில்களின் நிர்வாகத்தைத்தான். பல இடங்களில் மகந்துகள் எனப்படும் பரம்பரைப் பொறுப்பாளர்கள் கோயில் நிலத்தைச் சொந்தச் சொத்துபோல அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். அமிர்தசரஸ் பொற்கோயிலுக்கோ அரசே மேலாளரை நியமித்தது. ஜாலியன்வாலா பாக்கில் சுட்ட டயருக்கு மரியாதை செய்தவர் அந்த மேலாளர்தான். அப்புறம் யார் சும்மா இருப்பார்கள்? 1920 நவம்பரில் குருத்வாராக்களை நிர்வகிக்க சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி, அடுத்த மாதமே போராட்டத் தொண்டர்களுக்கு அகாலி தளம்.

1921 நவம்பரில் அமிர்தசரஸ் கலெக்டர் ஆளனுப்பிப் பொற்கோயில் கருவூலச் சாவிகளை வாங்கி வைத்துக்கொண்டார். தேவையா இது? கைதுமேல் கைது செய்தும் பலிக்காமல், ஜனவரியில் கமிட்டித் தலைவர் பாபா கரக் சிங்கிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். காந்தி வாழ்த்துத் தந்தி அடித்தார்.

அதைவிட வேடிக்கை, அமிர்தசரஸுக்குப் பக்கத்துக் குருத்வாராவான குரு கா பாக். 1922 ஆகஸ்டில், லங்கர் எனும் இலவச உணவுக்கூடத்தின் அடுப்புக்குக் கருவேல மரம் வெட்டிய ஐந்து அகாலிகள்மேல், நிலம் மகந்துடையது என்று திருட்டு வழக்கு. உடனே, கையை ஓங்குவதில்லை என்று பொற்கோயில் வளாகத்திலுள்ள அகால் தக்த் பீடத்தில் சத்தியம் செய்துவிட்டுத் தினமும் ஒரு கூட்டம் கிளம்பும், போலீஸ் தடியடியில் விழும், மறுநாள் அடுத்த கூட்டம். பாதிரியார் சி. எஃப். ஆண்ட்ரூஸ் நேரில் பார்த்துப் பதறி ஆளுநரிடமே போய்ச் சொன்ன பிறகுதான் அடி நின்றது. ஐயாயிரம் பேருக்குமேல் சிறையில் அடைத்தும் விறகுக்கு முடிவு வரவில்லை. கடைசியில் லாகூர்ப் பொறியாளர் சர் கங்கா ராம் அந்த நிலத்தை மகந்திடமிருந்து குத்தகைக்கு எடுத்து, வெட்டிக்கொள்ளுங்கள் என்று விட, அரசின் மானம் ஏதோ தப்பியது.

1923இல், நாபா மகாராஜாவை ஆங்கில அரசு பதவியிறக்கியதை எதிர்த்து அகாலிகள் ஜைத்தோவில் நடத்திய போராட்டத்தைப் பார்க்கப் போன நேருவையும் நம்மூர் கே. சந்தானத்தையும் ஒரே விலங்கில் பூட்டித் தெருவில் நடத்திச் சென்றார்கள். விறகுச் சண்டை எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்!

1925இல் வந்த குருத்வாரா சட்டம், தேர்தலில் தேர்ந்தெடுக்கப்படும் வாரியத்திடம் கோயில்களை ஒப்படைத்தது. காணிக்கை, நிலம், ஓட்டு எல்லாம் ஒரே கையில். ஒரு கட்சிக்கு வேறென்ன வேண்டும்? ஆளுநர் ஹெய்லி கெட்டிக்காரர், சட்டத்தை ஏற்று நடப்பதாக எழுதிக் கொடுத்தால்தான் தலைவர்களுக்கு விடுதலை என்று நிபந்தனை போட்டு அவர்களைப் பிளந்தார். ஆனால் அதற்குள் வாரியம் வந்துவிட்டது. எழுதித்தர மறுத்த தேஜா சிங் சமுந்திரி 1926இல் சிறையிலேயே இறந்தார்; கமிட்டியின் தலைமையகம் இன்று அவர் பெயரில்தான் இயங்குகிறது.