மறைந்திருக்கும் பயனர் கணக்கைத் தேடிய செய்முறைத் தேர்வு

குழித்துறையிலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் பேருந்தில் சென்று கணினிப் பாதுகாப்பில் பட்டயப் படிப்பு முடித்தவள் நான். எங்கள் இறுதிச் செய்முறைத் தேர்வில், விண்டோஸ் ஒன்றும் லினக்ஸ் ஒன்றுமாக இரண்டு கணினிகளைக் கொடுத்து, அவற்றில் மறைத்து வைக்கப்பட்டுள்ள பயனர் கணக்குகளைக் கண்டறிந்து, கண்டறிந்த முறையையும் எழுதச் சொன்னார்கள்.

மாதிரித் தேர்வில் இதே கேள்விக்கு நான் மதிப்பெண் இழந்திருந்தேன். விண்டோஸில் பயனர்களைப் பட்டியலிடும் 'நெட் யூசர்' கட்டளை காட்டிய பெயர்களை அப்படியே எழுதிக் கொடுத்ததுதான் நான் செய்த பிழை. இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்த அன்று மாலை, ஆய்வகத்து அக்கா என் அருகில் அமர்ந்து, நிர்வாகிகள் குழுவில் இருப்பவர்களைக் காட்டும் 'நெட் லோக்கல்குரூப் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' என்ற கட்டளையைத் தட்டினார். முந்தைய பட்டியலில் இல்லாத 'சப்போர்ட்$' என்ற பெயர் அங்கே இருந்தது. பெயரின் இறுதியில் டாலர் குறி இருந்தால் 'நெட் யூசர்' அதைக் காட்டாது என்பதை அப்போதுதான் அறிந்தேன். "ஒரு லிஸ்ட்ட மட்டும் நம்பாத மக்ளே, ரெண்டையும் ஒத்துப் பாரு" என்றார் அவர். அதன் பிறகு நான் படித்த முறையே மாறிவிட்டது.

ஆகவே, விண்டோஸில் 'நெட் யூசர்' தரும் பட்டியலையும் பவர்ஷெல் என்ற மற்றொரு கட்டளைச் சாளரத்தில் 'கெட்-லோக்கல்யூசர்' தரும் பட்டியலையும் தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள். உள்நுழைவுத் திரையில் மட்டும் மறைக்கப்பட்ட கணக்கு வேறு வகை. விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில், உள்நுழைவுக்கான வின்லோகன் பகுதியின் கீழ் 'ஸ்பெஷல் அக்கவுண்ட்ஸ்', அதற்குள் 'யூசர்லிஸ்ட்' என்ற இடத்தில் அப்பெயருக்கு 0 என்ற மதிப்பு கொடுக்கப்பட்டிருக்கும், ஆனால் 'நெட் யூசர்' அதைக் காட்டிவிடும். இந்த இரண்டு வகைகளையும் குழப்பிக்கொள்பவர்களே அதிகம். ஒவ்வொரு கணக்குக்கும் விண்டோஸ் தரும் பாதுகாப்பு அடையாள எண்ணின் (SID) கடைசிப் பகுதியையும் பார்க்கத் தவறாதீர்கள்: உள்ளமைந்த நிர்வாகிக்கு 500, விருந்தினர் கணக்குக்கு 501, நாம் உருவாக்குபவை 1000 முதல் தொடங்கும். இடையில் ஓர் எண் விடுபட்டிருந்தால், அங்கே ஒரு கணக்கோ குழுவோ இருந்து நீக்கப்பட்டிருக்கலாம். கணக்கு உருவான நேரம் வேண்டுமென்றால், பாதுகாப்பு நிகழ்வுப் பதிவில் 4720 என்ற எண்ணைத் தேடுங்கள்.

லினக்ஸில் வேலை குறைவு, கவனம் அதிகம். பயனர் கணக்குகளின் பட்டியல் உள்ள 'பாஸ்வேர்ட்' (/etc/passwd) கோப்பின் ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளியால் ஏழு பகுதிகளாகப் பிரிந்திருக்கும். மூன்றாவது பகுதி பயனர் எண், ஏழாவது பகுதி ஷெல், அதாவது உள்நுழைந்ததும் இயங்கும் நிரல். எனக்குக் கிடைத்த உபுண்டு (லினக்ஸின் ஒரு வகை) கணினியில் 'பேக்கப்' என்ற வழக்கமான பெயர்தான் இருந்தது, பெயரை மட்டும் பார்த்திருந்தால் கடந்து போயிருப்பேன். உபுண்டுவில் அதற்குரிய எண் 34, ஷெல் உள்நுழைய விடாத 'நோலாகின்'. அந்த வரியிலோ எண் 0, ஷெல் கட்டளைகளை இயக்க விடும் 'பாஷ்'. எண் 0 பெற்ற எந்தப் பெயரும் லினக்ஸின் தலைமை நிர்வாகிக் கணக்கான ரூட்டின் முழு அதிகாரத்தையும் பெற்றுவிடுகிறது.

வாய்மொழித் தேர்வில், "கண்டுபிடித்ததும் அழித்துவிடலாமா?" என்று கேட்டார்கள். அழித்தால், அது யாரால், எப்போது உருவாக்கப்பட்டது என்று ஆராய்வது கடினமாகும். எனவே முதலில் கணக்கை முடக்கி, பெயர், எண், குழு, கடைசியாக உள்நுழைந்த நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு பொறுப்பாளரிடம் தெரிவிப்பேன் என்றேன். அடுத்த கேள்வி கேட்காமல் என் பதிவேட்டில் கையொப்பமிட்டார்கள்.