எண்ணிக்கை: ஒன்று

"மஞ்சள் நிற உலோகச் சங்கிலி. எண்ணிக்கை: ஒன்று."

வழக்குகளில் பிடிபட்டு வரும் பொருள்களைக் குறித்துவைக்கும் கோர்ட் சொத்துப் பதிவேட்டில் இப்படித்தான் எழுதுவோம். பொருளைக் கைப்பற்றும்போது போலீசார் எழுதும் மகஜரும் அப்படித்தான் வரும். உரசிப் பார்க்காத வரை அது தங்கம்தான் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நாளைக்கு அது பித்தளை என்று தெரிந்தால், கோர்ட்டில் வைத்து மாற்றிவிட்டார்கள் என்ற பழி வரும். அந்த பயத்தில் பிறந்த வாசகம் இது. நியாயமான பயம்தான். ஆனால் அதே வாசகம் இன்னொரு வேலையும் செய்கிறது என்பது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆனது. தங்கமாக வந்தது பித்தளையாகத் திரும்பிப் போனாலும் அந்த வரி பொய்யாகாது.

தென் மாவட்டம் ஒன்றில் நடுவர் நீதிமன்றங்களில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதில் ஏழெட்டு வருஷம் சொத்து அறை என் கையில் இருந்தது. முதல் நாள் பொறுப்பு ஏற்றபோது, எனக்கு முன் இருந்தவர் பட்டியலை நீட்டி, "அரக்கு உடையாம இருக்கா, அதை மட்டும் பாரு தம்பி. உள்ளே என்ன இருக்குன்னு நீயும் பாக்க வேண்டாம், நானும் பாக்கல" என்றார். கோர்ட் உத்தரவு இல்லாமல் சீல் வைத்த பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்பது உண்மைதான். நானும் பொட்டலங்களை எண்ணினேன், கையெழுத்துப் போட்டேன். அவரும் அப்படித்தான் போட்டிருப்பார், அவருக்கு முன்னவரும் அப்படித்தான். ஆக, மூன்று பேர் கையெழுத்துக்கு அடியில் மூன்று பேரும் பார்க்காத பொருள் ஒன்று இருந்தது.

வெளியில் இருப்பவர்கள், இங்கே கணக்கே இல்லை என்று நினைக்கிறார்கள். அது தவறு. கணக்கு ஏகப்பட்டது. சம்பவ இடத்தில் மகஜர், அதில் சாட்சிகளாகப் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் போடும் கையெழுத்து, கோர்ட்டுக்கு வரும்போது படிவம் 95, இங்கே ஒரு பதிவு எண், விசாரணையில் சான்றுப் பொருளாகக் காட்டும்போது எம்.ஓ. 1, எம்.ஓ. 2 என்று இன்னொரு எண். ஒரே அரிவாளுக்கு நான்கு காகிதம் பேசும். குறை என்னவென்றால், அந்த நான்கையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் அறையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர்தான். பொருளைப் பறிகொடுத்தவருக்கு அதில் ஒரு வரிகூடத் தெரியாது.

அந்தச் சங்கிலியின் சொந்தக்காரம்மா அப்படித்தான் வந்தார். பைக்கில் வந்தவர்கள் அறுத்துக்கொண்டு போன தாலிச் சங்கிலி. பிடித்தாகிவிட்டது, நகையும் மீட்டாகிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் இரண்டாவது ஆள் தலைமறைவானதால் வழக்கு மட்டும் நகரவில்லை. நாலைந்து வருஷமாக ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து வராந்தாத் தூணோரம் நிற்பார். ஒருநாள் என்னிடம் வந்து கேட்டார்: "சார், சங்கிலி இருக்கா?"

எப்போது கிடைக்கும் என்று அவர் கேட்கவில்லை. இருக்கிறதா என்றுதான் கேட்டார். "இருக்கும்மா" என்றேன். இரும்புப் பெட்டியில் பொட்டலம் இருந்தது எனக்குத் தெரியும். சங்கிலி இருந்ததா என்பது தெரியாது.

வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை, அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் 451-ஆவது பிரிவில் மனுப் போட்டால் இடைக்காலமாகவே நகையை வாங்கிக்கொள்ளலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. நான் உட்பட. சொல்வது என் வேலை இல்லை என்று நினைத்திருந்தேன். ஒரு வக்கீலைப் பிடித்து மனுப் போட்டார், உத்தரவும் வந்தது. நடுவர் முன்னால் பொட்டலத்தைப் பிரித்தோம். சங்கிலி இருந்தது, இரண்டு துண்டாக. மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்துத் தங்கம்தான் என்றார். தராசில் வைத்தார். 20 கிராமுக்குச் சற்றுக் குறைவாக நின்றது.

புகாரில் மூன்று பவுன், அதாவது 24 கிராம். மகஜரில் "சுமார் மூன்று பவுன்". பதிவேட்டில் "எண்ணிக்கை: ஒன்று".

அறுக்கும்போது ஒரு துண்டு ரோட்டில் விழுந்திருக்கலாம். திருட்டு நகை வாங்கியவன் ஒரு கண்ணியைக் கழற்றியிருக்கலாம். ஸ்டேஷனில் நடந்திருக்கலாம். எங்கள் அறையில் நடந்திருக்கலாம். வாங்கும்போதே மூன்று பவுனுக்குக் குறைவாக இருந்திருக்கவும் கூடும். இதில் எது என்று சொல்ல உலகத்தில் ஒரு காகிதமும் இல்லை. அந்தம்மா தராசைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதை அவருக்குக் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, சங்கிலியை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நாலு கிராமுக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். 2012-இல் சென்னையில் ஒரு நிறுவனத்தில் சிபிஐ 400 கிலோவுக்கு மேல் தங்கம் பிடித்தது. அங்கேயே பெட்டகங்களில் பூட்டி முத்திரையிட்டு, சாவிகளை கோர்ட்டில் ஒப்படைத்ததாகச் சொன்னது. 2020-இல் திறந்து நிறுத்துப் பார்த்தபோது 103 கிலோவுக்கு மேல் குறைந்தது. பிடித்தபோது மொத்தமாக நிறுத்தோம், இப்போது தனித்தனியாக நிறுத்திருக்கிறார்கள், வித்தியாசம் அதனால்தான் என்று விளக்கம் வந்தது. கஞ்சா காய்ந்தால் எடை குறையும், தங்கம் எப்படிக் குறையும் என்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல், அந்த ஆண்டு டிசம்பரில் சிபிசிஐடி விசாரிக்க உத்தரவிட்டது. செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தம்மாவின் முகம்தான் ஞாபகம் வந்தது. அளவுதான் வேறு, ஓட்டை ஒன்றேதான்: வாங்கும்போது எப்படி நிறுத்தோம் என்பது வெளி ஆள் கண்ணில் படும்படி எழுதப்படவில்லை. (கஞ்சாவுக்கும் இந்த ஊரில் கதை உண்டு. 22 கிலோ பிடித்த சென்னை வழக்கு ஒன்றில் சோதனைக்கு எடுத்தது போக மீதியை எலி தின்றுவிட்டது என்று போலீஸ் சொல்ல, 2023-இல் இரண்டு பேர் விடுதலையானார்கள்.)

இது தமிழ்நாட்டு வியாதி மட்டும் என்று எண்ண வேண்டாம். சொத்து அறையில் இருப்பவர்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கும் 2002-ஆம் ஆண்டின் சுந்தர்பாய் தேசாய் தீர்ப்பு, குஜராத்தில் ஸ்டேஷனில் வைத்திருந்த வழக்குச் சொத்துகளைப் போலீசாரே மாற்றினார்கள், கையாடினார்கள், அனுமதியில்லாமல் ஏலம் விட்டார்கள் என்ற குற்றச்சாட்டிலிருந்து கிளம்பியதுதான். உச்ச நீதிமன்றம் அதில் தெளிவாகச் சொன்னது: போட்டோ எடு, விவரமாக மகஜர் எழுது, பத்திரம் வாங்கிக்கொண்டு பொருளை உரியவரிடம் கொடு, பதினைந்து நாளிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டேஷனில் வைக்காதே. அதற்குப் பிறகும் எந்த ஸ்டேஷன் வளாகத்துக்குப் போனாலும் சக்கரம் மண்ணில் புதைந்த பைக்குகளின் நடுவே வேலிக்காத்தான் முளைத்து நிற்பதைப் பார்க்கலாம்.

விவரமாக எழுதினால் என்ன நடக்கும் என்பதை 2016 நவம்பர் எனக்குக் காட்டியது. ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற இரவில் வீட்டில் இருந்த பணத்தைப் பற்றி ஊரே கவலைப்பட்டது. நான் இரும்புப் பெட்டியை நினைத்துப் படுத்திருந்தேன். அதற்குள் இருந்தவை வேறு ஆட்களின் பணம். 2017 மே மாதம் மத்திய அரசு தனியாக விதி போட்டது. வழக்கில் பிடிபட்ட பழைய நோட்டுகளை கோர்ட் உத்தரவோடு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் திரும்பப் பெறுபவருக்கு ஒரு நிபந்தனை: நோட்டுகளின் வரிசை எண்கள் குறிக்கப்பட்டிருக்க வேண்டும், உத்தரவிலும் அவை இடம்பெற வேண்டும்.

மேஜையில் இரண்டு கவர்களை எடுத்து வைத்தேன். ஒன்று மாடு விற்ற பணத்தைப் பறிகொடுத்த பெரியவருடையது. அந்த ஸ்டேஷன் ரைட்டர் ஒரு புண்ணியவான். ஒவ்வொரு நோட்டின் நம்பரையும் தனித் தாளில் பொடி எழுத்தில் எழுதி, அடியில் கூட்டலும் போட்டு இணைத்திருந்தார். அந்தத் தாளைப் பார்த்து அப்படியே உத்தரவில் ஏற்றினோம், பெரியவருக்குப் பணம் வந்தது. இன்னொரு கவரின் மேல் "ரொக்கம் ரூ.18,500" என்று மட்டும் இருந்தது. நான் அந்த கோர்ட்டை விட்டு மாறுதலாகும்போதும் அந்தக் கவர் அங்கேயேதான் இருந்தது. அந்த ரைட்டர் சட்டத்தை எதிர்பார்த்து எழுதவில்லை. நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட வேண்டுமே என்று எழுதியிருக்கிறார்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். ஒருமுறை ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருந்தார்: இந்த கோர்ட்டின் பொறுப்பில் எத்தனை வாகனங்கள் உள்ளன, எத்தனை ஏலம் போயின, தொகை எவ்வளவு, எந்தக் கணக்கில் கட்டப்பட்டது? மேலிடத்திலிருந்து விவரம் கேட்டு எங்களுக்கு வந்தது. பதிவேட்டை மூன்று நாள் புரட்டினால் கிடைத்துவிடும். நான் எழுதி அனுப்பிய பதில் ஒரே வரி: "கோரப்பட்ட விவரங்கள் தொகுக்கப்பட்ட வடிவில் பராமரிக்கப்படவில்லை." சட்டப்படி தப்பில்லாத வரி, அரசு அலுவலகங்களுக்கு மிகவும் பிடித்த வரி. அந்தச் சட்டத்தின் நான்காவது பிரிவு, யாரும் கேட்காமலே விவரங்களை வெளியிடத்தான் சொல்கிறது. அது எனக்குத் தெரிந்தே எழுதினேன். எங்களிடம் திருட்டு எதுவும் இல்லை, சோம்பேறித்தனம்தான். ஆனால் கேட்டவருக்கு அந்தப் பதிலில் திருட்டு வாசனை அடித்திருந்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

ஏலமும் அதே மாதிரிதான். நோட்டீஸ் ஒட்டுவோம், கோர்ட் பலகையில். அந்தப் பலகையைப் பார்ப்பவர்கள் யார்? வக்கீல் குமாஸ்தாக்களும் நாலு பழைய இரும்பு வியாபாரிகளும். வருவது அதே நாலு பேர், கேட்பது அதே விலை. விதி ஒன்றும் மீறப்படவில்லை.

பெரிய வழக்குகளில் கண்ணாமூச்சி வேறு மாதிரி. இத்தனை கோடி சொத்து முடக்கம் என்று முதல் பக்கத்தில் வரும். முடக்கம் என்பது பறிமுதல் அல்ல. பணமோசடித் தடுப்புச் சட்டத்தில் தற்காலிக முடக்கத்துக்கு 180 நாள் ஆயுசு, அதற்குள் தீர்ப்பாணையம் உறுதி செய்ய வேண்டும், அப்புறம் வழக்கு, தண்டனை வந்தால்தான் பெரும்பாலும் பறிமுதல். அந்தக் கோடி கடைசியில் என்ன ஆயிற்று என்பது எந்தப் பக்கத்திலும் வராது. நிதி நிறுவனங்களில் ஏமாந்தவர்களுக்காக 1997-இல் தமிழ்நாடு போட்ட முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொத்து முடக்கப்பட்டு, டெபாசிட் ரசீதை நைந்துபோன பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு அலையும் ஓய்வூதியர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கேள்வியும் அந்தம்மா கேட்டதுதான்: இருக்கா?

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலான புதிய சட்டத்தின் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 497-ஆவது பிரிவு, பொருள் கோர்ட்டுக்கு வந்து 14 நாளில் விவரப் பட்டியல், போட்டோ அல்லது வீடியோ, அதிலிருந்து 30 நாளில் என்ன செய்வது என்று உத்தரவு என்கிறது. நல்ல பிரிவு. ஆனால் அந்தப் போட்டோவை யார் பார்க்க முடியும் என்று நான் கேட்பேன். எல்லாவற்றையும் இணையத்தில் கொட்டச் சொல்லவில்லை. பாலியல் வழக்குப் பொருள்களை வெளியிட முடியாது, தங்கம் எந்தப் பெட்டியில் என்று திருடனுக்கு வழி சொல்லவும் கூடாது. வழக்கு எண்ணைக் கொடுத்தால் பொருளின் எடை, இப்போது யார் பொறுப்பில், கடைசி உத்தரவு என்ன, இந்த மூன்றும் தெரிந்தால் போதும். வாய்தா தேதியை செல்போனில் பார்க்க முடிகிறபோது இதையும் பார்க்க முடியும்.

நான் ஓய்வு பெற்ற மாதம், பொறுப்பு எடுக்க வந்தது ஒரு இளம் பெண். அரக்கை மட்டும் பாருங்கள் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. விலைமதிப்புள்ள பொட்டலங்களை நடுவர் முன்னிலையில் பிரித்து நிறுக்க அனுமதி கேட்டு குறிப்பு வைத்தார், அனுமதியும் வாங்கினார். பதினொரு நாள் ஆனது. எனக்கு எரிச்சல், முப்பது வருஷ சர்வீஸை சந்தேகப்படுகிறாளே என்று. ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, பதிவேட்டில் ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சார், இது உங்க கையெழுத்துதானே? எடை எங்க சார்?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். மஞ்சள் நிற உலோக வளையல். எண்ணிக்கை: ஒன்று.