கேட்பதும் பார்ப்பதும்: ஒரு சமூக உளவியல் ஆசிரியரின் நாட்குறிப்பு

2025 ஜூன் 9, திங்கள்

அடுத்த பருவத்துக்கான பாடத்தைப் புதுப்பிக்க வேண்டும். மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படி எடைபோடுகிறார்கள், எப்படி முத்திரை குத்துகிறார்கள், தங்களைத் தாங்களே எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் பாடம். என் ஆராய்ச்சியும் அதிலேயேதான். பழைய ஸ்லைடுகளைத் திறந்து பார்த்தால் பாதி இன்னும் நிமிர்ந்து நிற்கிறது, மீதி ஆட்டம் கண்டுவிட்டது. எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது என்று இங்கேயே எழுதிக்கொண்டு போகிறேன்.

முதல் ஸ்லைடு சமூக உளவியலாளர் சாலமன் ஆஷ், 1946. ஒருவரைப் பற்றி ஏழு சொற்கள் தருவார்: அறிவாளி, திறமைசாலி, உழைப்பாளி, ஈர நெஞ்சுள்ளவர், உறுதியானவர், நடைமுறை தெரிந்தவர், எச்சரிக்கையானவர். இன்னொரு குழுவுக்கு அதே பட்டியல், ‘ஈர நெஞ்சுள்ளவர்’ இருந்த இடத்தில் மட்டும் ‘ஈரமற்றவர்’. அந்த ஒரு சொல்லில் ஆளே மாறிவிடுகிறார். முதல் குழு அவரைத் தாராள மனத்துக்காரர் என்கிறது, இரண்டாவது குழு சுயநலக்காரர் என்கிறது. அதே இடத்தில் மரியாதையானவர், வெடுக்கென்று பேசுபவர் என்று மாற்றிப் பார்த்தபோது இவ்வளவு வேறுபாடு இல்லை. வகுப்பில் செய்துகாட்டினால் இன்றும் பலிக்கிறது. வைத்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அந்தச் சோதனையில் யாரும் யாரையும் சந்திக்கவில்லை. இல்லாத ஒருவரைப் பற்றித் தாளைப் படித்துவிட்டுத் தாளிலேயே பதில் எழுதினார்கள். நாங்கள் அனைவரும் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டேதான் வளர்ந்திருக்கிறோம்.

ஜூன் 11, புதன்

இன்று கத்தரிக்கோல் நாள். முதுமையை நினைவூட்டும் சொற்களைப் படித்த மாணவர்கள் ஆய்வகத்தை விட்டு வெளியேறும்போது மெதுவாக நடந்தார்கள் என்ற 1996ஆம் ஆண்டு ஆய்வு. ஜான் பார்க்கும் சக ஆய்வாளர்களும் செய்தது. பல ஆண்டுகள் வகுப்பையே வாய்பிளக்க வைத்த ஸ்லைடு. 2012இல் வெளியான ஆய்வில், பெல்ஜியத்தின் ஸ்டெபான் டொயென் குழுவினர் ஸ்டாப்வாட்ச் கணக்கை நம்பாமல் அகச்சிவப்பு உணரிகளை வைத்து அளந்தார்கள். நடை மெதுவாகவில்லை. பிறகு சோதனையை நடத்துபவர்களிடம் ‘இவர்கள் மெதுவாக நடப்பார்கள்’ என்று முன்கூட்டியே நம்பிக்கை ஊட்டினார்கள். அப்போதுதான் மெதுவான நடை தென்பட்டது.

வெட்டுவதற்குக் கை வைத்தவள் நிறுத்திக்கொண்டேன். இது தோற்றுப்போன ஆய்வு என்று மட்டும் சொல்லிக் குப்பையில் போடுவது வீண். முத்திரை இருந்த இடம் வேறு, அவ்வளவுதான். சோதனைக்கு வந்த மாணவரின் காலில் தேடிக்கொண்டிருந்தோம், அது சோதனை நடத்தியவரின் தலைக்குள் இருந்தது. ஆகவே ஸ்லைடு இடம் மாறுகிறது: ‘எதிர்பார்ப்பு எப்படி எதிராளியை உருவாக்குகிறது’ என்ற அத்தியாயத்துக்கு.

2015இல் வந்த பெரிய மறுசோதனைத் திட்டமும் அதே வகுப்பில் வரவேண்டும். நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூலக் கட்டுரைகளில் 97 விழுக்காடு புள்ளியியல்படி தேறியவை. மறுசோதனையில் தேறியவை 36 விழுக்காடு. அதிலும் சமூக உளவியலின் நிலை சராசரியைவிட மோசம். இதை மாணவர்களிடம் மறைக்கும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

பதவி உயர்வுக்கான படிவம் வந்திருக்கிறது. ‘உங்கள் படைப்பாற்றலை ஒன்று முதல் பத்துக்குள் மதிப்பிடுக.’ அடுத்த வரியில் தலைமைப் பண்பு.

உளவியலாளர் சிமின் வசிர் 2010இல் காட்டியது இதுதான்: ஒருவரின் பதற்றம், தன்னம்பிக்கைக் குறைவு போன்ற உள்ளே நடக்கும் சங்கதிகளை அவரே நன்றாக அறிவார். அறிவுத்திறன், படைப்பாற்றல் போன்று ‘நல்லது, கெட்டது’ என்ற சாயல் ஏறிய குணங்களில் நண்பர்களின் கணிப்புதான் அவருடையதைவிட நம்பகம். அந்தக் கணக்குப்படி, என் படைப்பாற்றலைப் பற்றிச் சக ஊழியர்களிடம் கேட்க வேண்டும், என் பதற்றத்தைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டும். படிவத்தில் பதற்றத்துக்குக் கட்டம் இல்லை. எல்லாவற்றுக்கும் எட்டு போட்டு அனுப்பிவிட்டேன். எல்லாரும் எட்டுதான் போடுவார்கள்.

ஜூன் 16, திங்கள்

காலை முழுவதும் காணொளிக் குறியீட்டில் போயிற்று. முன்பின் தெரியாத இருவர் பத்து நிமிடம் பேசுகிறார்கள். அவர்களில் ஒருவரிடம் மட்டும் மற்றவரைப் பற்றி ஒரு குறிப்பைக் கொடுத்திருக்கிறோம். அந்தக் குறிப்பு உடம்பில் எங்கே வெளிப்படுகிறது என்பதுதான் கேள்வி. குறியிடும் மாணவர்களுக்கு எந்தக் காணொளியில் எந்தக் குறிப்பு என்பது தெரியாது. ஒலியும் கிடையாது.

இன்றைய சண்டை ஒரு புன்னகை பற்றியது. நான்காவது நிமிடத்தில் இடப்பக்கம் இருப்பவர் உதட்டை விரிக்கிறார். ஒரு மாணவி ‘புன்னகை’ என்று குறித்திருக்கிறாள். மற்றவன் ‘இல்லை’ என்று. கட்டம் கட்டமாக நகர்த்திப் பார்த்தோம். உதட்டின் ஓரம் ஏறுகிறது, கன்னம் ஏறவில்லை, கண்ணோரத்தில் சுருக்கம் விழவில்லை. அரை நொடியில் முகம் பழையபடி ஆகிறது. அதற்குச் சற்று முன்னால் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தியிருக்கிறார். அதை இருவருமே பார்க்கவில்லை, இருவர் கண்ணும் முகத்திலேயே இருந்தன. கையேட்டில் புன்னகையை இரண்டு வகையாகப் பிரித்தோம். இதுவரை குறித்ததையெல்லாம் மறுபடி குறிக்க வேண்டும். மாணவன் ஒன்றும் பேசவில்லை, மூச்சுவிட்ட விதத்திலேயே தெரிந்தது.

இதற்கு முன்னோடி கார்ல் வேர்ட், மார்க் ஸானா, ஜோயல் கூப்பர் மூவரும் 1974இல் வெளியிட்ட ஆய்வு. வேலைக்கான நேர்காணல் போல ஏற்பாடு செய்தார்கள். வெள்ளையின மாணவர்கள் கேள்வி கேட்பவர்கள். எதிரே உட்கார்ந்தவர் கறுப்பினத்தவராக இருந்தால் நாற்காலி தள்ளிப் போனது, பேச்சில் தடுமாற்றம் கூடியது, நேர்காணல் கால்பங்கு சீக்கிரமாக முடிந்தது. அத்தோடு விடவில்லை. அந்தத் தள்ளி உட்காரும், தடுமாறிப் பேசும் முறையை நேர்காணல் செய்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வெள்ளையின விண்ணப்பதாரர்களிடம் காட்டச் சொன்னார்கள். அவர்களும் சொதப்பினார்கள். குறை விண்ணப்பதாரரிடம் இல்லை, நாற்காலி இருந்த தூரத்தில் இருந்தது. இந்த ஒன்றுக்காக ஒரு முழு வகுப்பு ஒதுக்கலாம். ஒதுக்குகிறேன்.

ஜூன் 19, வியாழன்

சமூகவியலாளர் ரிச்சர்ட் லாப்பியர், 1934. எத்தனை முறை படித்தாலும் சலிக்காத கட்டுரை.

1930 முதல் இரண்டு ஆண்டுகள், ஓர் இளம் சீனத் தம்பதியரோடு அமெரிக்கா முழுவதும் காரில் சுற்றினார். சீனர்மீதான வெறுப்பு வெளிப்படையாகவே இருந்த காலம். தங்குமிடங்களும் உணவகங்களுமாக 251 இடங்கள். ஒரே ஓர் இடத்தில்தான் மறுத்தார்கள். ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் எழுதினார்: ‘சீன இனத்தவரை உங்கள் இடத்தில் விருந்தினராக ஏற்பீர்களா?’ 128 பதில்கள் வந்தன. 90 விழுக்காட்டுக்கு மேல் ‘மாட்டோம்’.

பாடநூல்கள் இதை இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. சுவையே அவர் செய்த சின்னச் சின்ன ஏற்பாடுகளில் இருக்கிறது. முடிந்தபோதெல்லாம் பெட்டிகளையும் காரையும் கவனிப்பதுபோல் பின்தங்கிவிட்டு, அறை கேட்பதை அந்தச் சீன நண்பரிடமே விட்டுவிடுவார். குறிப்பெடுப்பதை அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர்களின் நடையுடை மாறிவிடும் என்ற கவலை. இன்றைய ஆய்வு நெறிக் குழு இதை அனுமதிக்குமா என்பது வேறு விஷயம்.

குறைகளும் உண்டு. கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் வாசலில் நின்று வரவேற்றவரும் ஒருவரேதானா? நல்ல உடையும் சிரித்த முகமுமாக வந்த தம்பதியரும், கடிதத்தில் வந்த ‘சீன இனத்தவர்’ என்ற முகமற்ற சொல்லும் ஒன்றாகுமா? இந்த இரண்டாவது ஆட்சேபத்தைக் குறையாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. முத்திரை முகமற்ற சொல்லில்தான் வாழ்கிறது. கேள்வித்தாள் என்பதும் அந்தக் கடிதத்தின் வழித்தோன்றல்தான்.

ஜூன் 20, வெள்ளி

முனைவர் பட்ட மாணவி கதவைத் தட்டினாள்.

“மேடம், ஒரு கேள்வித்தாளை இணையத்தில் போட்டால் ஒரு வாரத்தில் முந்நூறு பேர் பதில் போட்டுவிடுவார்கள். இந்தக் காணொளி வேலை எப்போது முடியும்?”

“அடுத்த ஆண்டு.”

“அதற்குள் என்னோடு சேர்ந்தவர்கள் மூன்று கட்டுரை போட்டுவிடுவார்களே, மேடம்.”

போட்டுவிடுவார்கள். அவள் சொன்னதில் பிழை இல்லை. 2007இல் ராய் பாமைஸ்டர், கேத்லீன் வோஸ், டேவிட் ஃபண்டர் மூவரும் உளவியல் என்பது ‘தன்னைப் பற்றிய வாக்குமூலங்களும் விரலசைவுகளும் பற்றிய அறிவியல்’ ஆகிவிட்டது என்று, பொத்தான் தட்டுவதை விரலசைவு என்று சொல்லி, கிண்டலாக எழுதினார்கள். எல்லாரும் சிரித்தோம், யாரும் மாறவில்லை. மறுசோதனை நெருக்கடிக்குப் பிறகு நிலைமை இன்னும் முற்றியது. சிறு மாதிரிகள், அதாவது சிலரை மட்டும் வைத்துச் செய்யும் ஆய்வுகள், ஏமாற்றும் என்று தெரிந்ததும் இதழ்கள் பெரிய மாதிரி கேட்கத் தொடங்கின. நியாயமான கோரிக்கை. ஆனால் பெரிய மாதிரி மலிவாகக் கிடைக்கும் இடம் இணையக் கேள்வித்தாள்தான். நோயைத் தீர்த்த மருந்தே இன்னொரு நோயைக் கொண்டுவந்தது.

நாங்கள் திரைக்குள் போனபோது பொருளியலாளர்கள் வாசலுக்குப் போனார்கள். 2004இல் வெளியான ஆய்வுக்காக மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய ஐயாயிரம் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதிகள் ஒத்தவை. பெயர் மட்டும் சிலவற்றில் வெள்ளையினப் பெயர், சிலவற்றில் கறுப்பினப் பெயர். வெள்ளையினப் பெயர்களுக்கு ஐம்பது விழுக்காடு கூடுதலாக அழைப்பு வந்தது. நிறுவனங்களிடம் ‘பாகுபாடு காட்டுவீர்களா’ என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் துறை செய்திருக்க வேண்டிய வேலை அது. பொறாமையோடுதான் எழுதுகிறேன்.

மாணவியிடம் திங்கட்கிழமைவரை யோசிக்கச் சொன்னேன். காணொளிதான் வேண்டும் என்று நான் வற்புறுத்த முடியாது. நிரந்தரப் பணியில் உட்கார்ந்துகொண்டு பொறுமையின் பெருமையைப் பேசுவது சுலபம்.

ஜூன் 24, செவ்வாய்

தன்னைப் பற்றிய மதிப்பீடு குறித்த அத்தியாயம். டாரில் பெம் 1972இல் முழுமையாக எழுதிய கோட்பாடு: உள்ளிருந்து வரும் அறிகுறி மங்கலாக இருக்கும்போது, நாம் என்ன நினைக்கிறோம் என்பதை நம் செயலைப் பார்த்தே ஊகித்துக்கொள்கிறோம், வெளியாள் பார்த்து ஊகிப்பதைப் போல. அதே பெம் 2011இல், எதிர்காலத்தை முன்கூட்டியே உணர முடியும் என்று ஒன்பது சோதனைகளோடு ஒரு கட்டுரை வெளியிட்டு, துறையின் சோதனை முறைகளையே சந்தேகிக்க வைத்தார். முதலாவதை நான் இன்னும் மதிக்கிறேன்.

இதனோடு ரிச்சர்ட் நிஸ்பெட், திமோதி வில்சன் 1977. வரிசையாக நான்கு ஜோடி நைலான் காலுறைகள். எது தரமானது? வலக்கோடியில் இருந்ததை, இடக்கோடியில் இருந்ததைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு பேர் தேர்ந்தெடுத்தார்கள். நான்கும் ஒன்றேதான். ஏன் என்று கேட்டால் நெய்த விதம், மென்மை என்று காரணங்கள் வந்தன. வைத்திருந்த இடம் காரணமாக இருக்குமோ என்று கேட்டபோது பெரும்பாலோர் கேட்டவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

பக்கத்து அறைப் பேராசிரியர் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, “அப்படியென்றால் தனிமையை எப்படி அளப்பீர்கள்? எட்டிப்பார்த்தா?” என்றார். சரிதான். தனிமை, வெட்கம், பயம் எல்லாவற்றையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேள்வித்தாளோடு எனக்குப் பகை இல்லை. ‘நீங்கள் என்ன உணர்கிறீர்கள்’ என்று கேட்கட்டும். ‘இன்னாரிடம் எப்படி நடந்துகொள்வீர்கள்’ என்று கேட்டுவிட்டு, அந்தப் பதிலை நடத்தை என்று அச்சிடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

பாடத்திட்டத்தை அனுப்பிவிட்டேன். ஆஷ் இருக்கிறார், லாப்பியருக்கு இரண்டு வகுப்பு.

நான் சொன்ன திங்கட்கிழமை மாணவி வரவில்லை, இன்றுதான் வந்தாள். இரண்டையும் சேர்க்கிறாளாம். காணொளிக்கு வருபவரிடமே ‘இப்படிப்பட்ட ஒருவரோடு பேசும்போது எவ்வளவு நெருங்கி உட்காருவீர்கள், எவ்வளவு நேரம் பேசுவீர்கள்’ என்று கேட்டுவிட்டு, பிறகு நாற்காலியைப் பார்ப்பது. ஓர் அறைக்குள் லாப்பியர். நல்ல யோசனை, என் யோசனையைவிட நல்லது.

“கேட்பது முதலிலா, கடைசியிலா?” என்றேன்.

“முதலில்தான், மேடம். இல்லாவிட்டால் பெம் சொன்னதுபோல் தாங்கள் நடந்துகொண்டதைப் பார்த்துப் பதில் எழுதுவார்கள்.”

“முதலில் கேட்டால், எழுதிய பதிலுக்கு ஏற்றபடி நாற்காலியை இழுத்துப் போடுவார்களே?”

கொஞ்ச நேரம் வெண்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பாதிப் பேருக்கு முன்னால், பாதிப் பேருக்குப் பின்னால் என்று கட்டம் போட்டாள். அதற்கு இருமடங்கு ஆட்கள் வேண்டும், இன்னொரு கேமராவும் வேண்டும். கேமராவுக்கான கோரிக்கைக் கடிதத்தை இன்றே எழுதச் சொல்லியிருக்கிறேன்.