ஸைர்யூ கார்டு புதுப்பிப்பில் இருக்கும்போது தைவான் சென்று திரும்பியது

ஜப்பானில் வேலை விசாவில் இருப்பவர், புதுப்பிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் காலத்தில் வெளிநாட்டுக்குச் சென்று திரும்பலாம். சட்டம் இதைத் தெளிவாகவே அனுமதிக்கிறது. ஆனால் திரும்பும் விமானத்தில் ஏற வேண்டிய ஊரில், செக்-இன் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவருக்கு அந்தச் சட்டம் தெரிந்திருக்கும் என்று எவரும் உறுதி தர முடியாது. 2025 கோல்டன் வீக் விடுமுறையில் (ஏப்ரல் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை ஜப்பானில் வரும் தொடர் விடுமுறை) தைவானுக்குப் போன நானும் என் மனைவியும் தாவோயுவான் விமான நிலையத்தில் இதற்குக் கொடுத்த விலையை நினைத்தால் இன்னமும் எரிச்சல் அடங்கவில்லை. இதே நிலையில் பயணச்சீட்டு எடுத்து வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் இருவருடைய ஸைர்யூ கார்டுகளும் (ஜப்பானில் தங்கும் வெளிநாட்டவருக்கான குடியிருப்பு அட்டை) ஏப்ரல் நடுவில் காலாவதியாக இருந்தன. காலாவதிக்கு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்றாலும், நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு தன் பங்கு ஆவணங்களைக் கொடுத்தபோது மார்ச் மாதம் பிறந்துவிட்டது. அவர்கள் கொடுத்த பட்டியலில் குடியிருப்பு வரி மதிப்பீட்டுச் சான்றிதழும் வரி செலுத்திய சான்றிதழும் இருந்தன. எந்த ஊர் அலுவலகத்தில் அவற்றை வாங்க வேண்டும் என்ற குறிப்பு மட்டும் இல்லை. நாங்கள் 2024 கோடையில் கவாசாகியிலிருந்து டோக்கியோவின் எதோகவா வார்டில் உள்ள நிஷிகசாய்க்கு வீடு மாறியிருந்தோம். எதோகவா வார்டு அலுவலகத்தில் நெடுநேரம் காத்திருந்து முறை வந்தபோது, 2024 ஜனவரி 1 அன்று எந்த ஊரில் பதிவாகியிருந்தோமோ அந்த ஊர்தான் அந்த ஆண்டுக்கான சான்றிதழைத் தரும் என்றார்கள். அடுத்த ஆண்டுச் சான்றிதழ் ஜூன் மாதத்தில்தான் வரும் என்பதால், மார்ச்சில் விண்ணப்பிக்கும் எவரும் பழைய ஊருக்குத்தான் போயாக வேண்டும். அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கவாசாகிக்குப் போய் வாங்கி வந்தேன். வீடு மாறியவர்கள் குடிவரவு அலுவலகத்தில் வரிசையில் நிற்பதற்கு முன் இந்த ஒன்றைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

விண்ணப்பத்தை நேரில் கொடுத்தோம். பெற்றுக்கொண்டு, அட்டையின் பின்புறம் கீழே, புதுப்பிப்பு விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாக ஜப்பானிய மொழியில் ஒரு சிறிய முத்திரையைக் குத்தித் தந்தார்கள். இணையவழியில் விண்ணப்பித்தால் இந்த முத்திரை கிடையாது. விண்ணப்பம் ஏற்கப்பட்டதாக வரும் மின்னஞ்சல்தான் ஆதாரம். பயணத் திட்டம் இருப்பவர்கள் அந்த மின்னஞ்சலை அச்சிட்டு அட்டையோடு சேர்த்தே வைத்திருக்க வேண்டும்.

காலாவதித் தேதிக்கு முன் விண்ணப்பித்திருந்து, அந்தத் தேதிக்குள் முடிவு வராவிட்டால், முடிவு வரும் வரையிலோ காலாவதியிலிருந்து இரண்டு மாதங்கள் முடியும் வரையிலோ, எது முந்தியதோ அதுவரை பழைய தகுதியிலேயே தங்கலாம்; வேலையும் செய்யலாம். தொகுரேய் கிகான் என்று அழைக்கப்படும் இந்தச் சிறப்புக் காலத்தில், சாதாரண நாட்களைப் போலவே தனி அனுமதி வாங்காமல் வெளியே சென்று திரும்பவும் முடியும். இரண்டு மாதம் என்ற வரம்பு மட்டும் இரும்பு வரம்பு. அதற்குள் திரும்பி வந்து புதிய அட்டையையும் கையில் வாங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் தங்கும் தகுதியையே இழந்துவிடுவோம். புதுப்பிப்புக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதம் வரை ஆகும் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. வசந்த காலத்தில் அந்தக் கணக்கை நம்பி யாரும் விமானச் சீட்டு எடுக்க வேண்டாம். எங்களுக்கு ஏப்ரல் முழுக்க எந்தத் தகவலும் வரவில்லை.

பலருக்கும் தெரியாத இன்னொன்று, மை நம்பர் கார்டின் (ஜப்பான் அரசின் தனிநபர் அடையாள எண் அட்டை) ஆயுளும் தங்கும் காலத்தோடு கட்டப்பட்டிருக்கிறது என்பது. ஸைர்யூ கார்டின் தேதி முடியும்போது அதுவும் செத்துவிடும். காலாவதிக்கு முன்பே வார்டு அலுவலகத்துக்குப் போய்ப் பின்புற முத்திரையைக் காட்டினால் அதற்கும் இரண்டு மாத நீட்டிப்புப் போட்டுத் தருகிறார்கள். மருத்துவக் காப்பீடே அந்த அட்டைக்குள் போய்விட்ட இந்த நாட்களில் அதைத் தவறவிடக் கூடாது.

தைவான் பக்கத்தில் எந்தத் தொல்லையும் இல்லை. ஜப்பானின் குடியிருப்பு அட்டை வைத்திருக்கும் இந்தியர்கள் தைவானின் பயண அனுமதிச் சான்றிதழை இணையத்தில் கட்டணமின்றிப் பெறலாம். அது 90 நாட்களுக்குச் செல்லும், ஒவ்வொரு முறையும் 14 நாட்கள் வரை தங்கலாம். அட்டை காலாவதியாகியிருந்தாலும் பத்தாண்டுகள் கடக்காமல் இருந்தால் போதும் என்பது அவர்களுடைய விதி. ஆக, எங்கள் அட்டையின் தேதி முடிந்துபோனதைப் பற்றித் தைவான் அரசு சற்றும் கவலைப்படவில்லை. சிக்கல் முழுவதும் வீட்டுக்குத் திரும்புவதில்தான் இருந்தது.

புறப்படுவதற்கு முந்தைய வாரம், நிஷிகசாயில் நீண்ட காலமாக இருக்கும் அண்ணன் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "தம்பி, முத்திரை இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதே. குடிவரவுத் துறையின் தளத்தில் அந்த விதி ஆங்கிலத்தில் இருக்கிறது. இரண்டு படி அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்" என்றார். அவரை அளவுக்கு மீறி எச்சரிக்கையான ஆள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே அச்சிட்டேன். டோக்கியோவுக்கு அருகிலுள்ள நரிதா விமான நிலையத்தில் புறப்படும்போது, மீள்நுழைவுக்கான படிவத்தில் "தற்காலிகமாக வெளியேறுகிறேன், திரும்பி வருவேன்" என்ற கட்டத்தில் குறியிட்டு, அதிகாரியிடம் வாயாலும் சொன்னோம். அந்தக் குறியில்லாமல் வெளியேறினால் தங்கும் தகுதியே போய்விடும் என்பதால், எத்தனை முறை பயணம் செய்திருந்தாலும் இதில் மட்டும் அசட்டை கூடாது.

தைவான் மிக நன்றாக இருந்தது. ஜியுஃபென் மலைத் தெருக்களும் பெய்தோவின் வெந்நீர்க் குளியலும் தாய்னானின் சாப்பாடும் எவரையும் ஏமாற்றாது. இடையில் என் வங்கி அட்டை தாய்பேயின் ஏடிஎம்மில் பணம் தர மறுத்தது. ஸைர்யூ கார்டின் தேதி முடிந்துவிட்டது, புதியதைப் பதிவேற்றுங்கள் என்று என் ஜப்பானிய வங்கி ஏப்ரலிலேயே கேட்டிருந்தது. பின்புற முத்திரையையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். வங்கியின் செயலிக்கு முன்பக்கத் தேதியைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை போலிருக்கிறது, கணக்கை முடக்கிவிட்டார்கள். மனைவியின் வங்கி வேறு என்பதால் பிழைத்தோம். சிறப்புக் காலத்தில் பயணம் போகிறவர்கள் செயலியை நம்பாமல் கிளைக்கே நேரில் சென்று முத்திரையைக் காட்டிவிட்டுப் புறப்படுவதும், கொஞ்சம் யென் தாளைக் கையில் வைத்திருப்பதும் உத்தமம்.

தாவோயுவானில் நாங்கள் வரிசைக்கு வந்தபோது நேரம் தாராளமாகவே இருந்தது. மலிவு விலை விமான நிறுவனத்தின் கவுண்டரில் இருந்த இளம்பெண் முதலில் என் பெயரில் நின்றார். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. நம்மவர்களில் பலருக்கும் அப்படித்தான். பயணச்சீட்டு தளம் அந்த இடத்தைக் காலியாக விட அனுமதிக்காததால், நிறுவனமே சொல்லியிருந்தபடி அதே பெயரை இரண்டு முறை எழுதியிருந்தேன். அதை ஒருவாறு விளக்கி முடித்தோம் என்று மூச்சு விடுவதற்குள் ஸைர்யூ கார்டைக் கேட்டார். முன்பக்கத் தேதியைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், ஜப்பான் விசா எங்கே என்றார். அட்டையைத் திருப்பி முத்திரையைக் காட்டினேன். சீன எழுத்துகளில் இருந்ததால் அவரால் அதைப் படிக்க முடிந்தது. படித்ததுதான் வம்பாகப் போயிற்று. பரிசீலனையில் இருக்கிறது என்றால் அனுமதி இன்னும் கிடைக்கவில்லை என்றுதானே பொருள், அனுமதி இல்லாதவரை ஏற்றிச் சென்றால் நிறுவனத்தின் மேல் பழி வரும் என்றார். அவருடைய கோணத்திலிருந்து பார்த்தால் அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் எனக்கு அடுத்த நாள் காலையில் அலுவலகம். அன்றிரவு வேறு சீட்டு வாங்க நினைத்தால், கோல்டன் வீக்கின் கடைசி நாள் என்பதால் விலை கண்ணைப் பறிக்கும்.

நாங்கள் ஓரமாக நிற்க வைக்கப்பட்டோம். எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டியைப் போட்டுவிட்டுப் போனார்கள். மேற்பார்வையாளர் வருவார் என்றார்கள். வந்தவர் அட்டையைக் கையில் வாங்காமலேயே முடியாது என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார். அப்போதுதான் அண்ணன் சொல்லி அச்சிட்ட தாள் நினைவுக்கு வந்தது. மேற்பார்வையாளர் திரும்பி வந்தபோது தாளைக் கவுண்டரில் விரித்து, இரண்டு மாத விதி இருக்கும் வரியைக் கோடிட்டு, அட்டையின் காலாவதித் தேதியை அதற்குப் பக்கத்தில் எழுதி, இன்றைய தேதி அந்த இரண்டு மாதத்துக்குள் வருவதைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். பாஸ்போர்ட்டில் நரிதாவில் போட்ட புறப்பாட்டு முத்திரையையும் எடுத்துக் காட்டி, ஜப்பானிய அதிகாரிகள் இதே அட்டையைப் பார்த்துத்தான், அதுவும் காலாவதியான பிறகுதான், எங்களை மீள்நுழைவு அனுமதியோடு வெளியே விட்டார்கள் என்றேன். அந்தக் கடைசி வாதம்தான் அவரை அசைத்தது. எங்கோ தொலைபேசியில் பேசினார், கணினியில் எதையோ நெடுநேரம் தேடினார், ஜப்பானில் இறங்க அனுமதி மறுக்கப்பட்டால் திரும்பும் செலவு எங்களுடையதே என்று ஒரு படிவத்தில் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். கவுண்டர் மூடும் நேரத்தில் போர்டிங் பாஸ் கைக்கு வந்தது. மன்னிப்பு என்ற பேச்சே எழவில்லை. நாங்களும் அதற்காக நிற்காமல் ஓடினோம்.

இதில் நான் கற்றது, முத்திரையைக் காட்டி வாதாடுவதைவிடக் காலாவதித் தேதியையும் புறப்பாட்டு முத்திரையின் தேதியையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுவது விரைவில் பலன் தரும் என்பது. அப்படிக் காட்ட வேண்டுமானால், புறப்படும் நாள் அட்டை காலாவதியான நாளுக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். அட்டை செல்லுபடியாகும்போது புறப்பட்டு, வெளிநாட்டில் இருக்கும்போது தேதி முடிகிறவர்களுக்கு அந்த வாதம் கிடைக்காது. அவர்கள் அச்சிட்ட விதியையே முழுக்க நம்ப வேண்டியிருக்கும். கவுண்டர் திறப்பதற்கு முன்பே போய் வரிசையில் முதல் ஆளாக நிற்பது இரு சாராருக்கும் பொருந்தும். இணையவழிச் செக்-இன் செய்தாலும் ஆவணச் சரிபார்ப்புக்குக் கவுண்டருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தே போக வேண்டும்.

நரிதாவில் குடிவரவு அதிகாரி அட்டையின் முன்பக்கத்தைப் பார்த்தார், திருப்பினார், முத்திரையைப் பார்த்தார், அனுப்பிவிட்டார். ஒரு கேள்வி கூட இல்லை.

மே மாத நடுவில், விண்ணப்பிக்கும்போது எங்கள் கையாலேயே முகவரி எழுதிக் கொடுத்த அஞ்சலட்டைகள், முடிவு வந்துவிட்டது என்ற செய்தியோடு வீடு வந்து சேர்ந்தன. 2025 ஏப்ரல் 1 முதல் நேரில் புதுப்பிக்கும் கட்டணம் 4,000 யென்னிலிருந்து 6,000 யென்னாக உயர்ந்துவிட்டது. ஆனால் மார்ச்சிலேயே ஏற்கப்பட்ட விண்ணப்பங்களுக்குப் பழைய கட்டணம்தான். இருவருக்கும் சேர்த்து 4,000 யென் மிச்சம். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி என்று அதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். தாவோயுவானுக்கு அது ஈடாகாது என்றாள். புதிய அட்டைகளை வாங்கிய அன்று மாலையே படம் எடுத்து வங்கியின் செயலியில் பதிவேற்றினேன். சரிபார்ப்புக்குச் சில வாரங்கள் ஆகலாம் என்று பதில் வந்தது.