ஹார்னெட் கவர்: கடைசி இலக்கம் 2-ஆ, 4-ஆ?

மூன்று வாரமாக இழுத்தடித்த 6 சென்ட் ஏர்மெயில் கவரின் ஆண்டு கடைசியில் தெரிந்துவிட்டது: 1942. இனி இதை என் ஆல்பத்தில் சிவி-8, அதாவது 1942-இல் மூழ்கிய அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் ஹார்னெட்டின் பக்கத்தில் தயங்காமல் வைக்கலாம்.

அமெரிக்கக் கடற்படையின் இரண்டாம் உலகப் போர்க்காலத் தபால் முத்திரைகளில் கப்பல் பெயர் இருக்காது, மேலே ‘யு.எஸ். நேவி’ மட்டும்தான். கடற்படை முத்திரைகளைப் பிரித்து அடையாளம் தரும் லோசி வகைப்பாட்டில் இது 2இசட். பெயருக்கு அனுப்புநர் முகவரியைத்தான் நம்ப வேண்டும். இந்தக் கவரில் ‘யு.எஸ்.எஸ். ஹார்னெட்’ என்று பேனாவால் எழுதியிருக்கிறது. ஆனால் அந்தப் போரில் ஹார்னெட் என்ற விமானந்தாங்கிக் கப்பல் இரண்டு. சிவி-8 பணியில் சேர்ந்தது 1941 அக்டோபர் 20-இல். சாண்டா குரூஸ் சண்டையில் அடிபட்டு 1942 அக்டோபர் 27 அதிகாலையில் மூழ்கியது. அதே பெயரைத் தாங்கிய சிவி-12 பணியில் சேர்ந்தது 1943 நவம்பர் 29-இல். மற்ற ஆதாரங்கள் எதுவும் இந்தச் சிக்கலைத் தீர்க்கவில்லை. சிவப்பு 6 சென்ட் விமானத் தபால்தலை 1941 ஜூனில் வந்தது, இரண்டுக்கும் பொருந்தும். 1944 மார்ச்சில் பொதுமக்களுக்கு 8 சென்ட் ஆனபோதும் படையினருக்கு 6 சென்ட்தான், ஆகவே கட்டணமும் கைகொடுக்காது. மிச்சம் இருந்தது முத்திரையின் கடைசி இலக்கம். அதுவோ, சிவப்புத் தலையின் அடர்த்தியான பகுதியில், காய்ந்த மையில், பாதி விழுந்திருந்தது.

ஸ்கேன் 1200 டிபிஐ, டிஃப் கோப்பாக. ஸ்கேனரின் ‘தானியங்கித் திருத்தம்’ எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். அது மெல்லிய மையைத் தாளின் அழுக்கென்று எண்ணித் துடைத்துவிடும். கண்ணாடியை ஒட்டியதை மட்டும் தெளிவாகக் காட்டும் சிஐஎஸ் சென்சார் ஸ்கேனர் வேண்டாம். மடிப்பு விழுந்த கவர் கண்ணாடியை விட்டுச் சற்றே தூக்கி நின்றாலும் அதில் மங்கிவிடும். எப்சன் வி600 மாதிரி சிசிடி வகைதான் இதற்குச் சரி. மூடியை அழுத்துவதும் தவறு, குறிப்பாக கிராஸ்பி என்பவர் அச்சிட்ட அலங்காரக் கவர்களில். அவற்றின் மேலெழும்பிய எழுத்து வெடித்து உதிர்ந்தால் பிறகு ஒட்டவே முடியாது.

பிறகு கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஆர்ஜிபி சானல்களாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சிவப்புச் சானலில் சிவப்புத் தலை தாளோடு தாளாக வெளுத்துவிடும், கறுப்பு மை மட்டும் நிற்கும். 3 சென்ட் ஊதாத் தலைகளுக்கு நீலச் சானல். ஊதா நிற ‘பாஸ்டு பை நேவல் சென்சார்’ தணிக்கை வட்டத்துக்குப் பச்சை, அதில் அது கறுத்துத் தெரியும். இதுவரை பலருக்கும் தெரிந்ததே.

இந்தக் கவரில் அது போதவில்லை. இலக்கத்தின் குறுக்கே ஒரு தாள் மடிப்பு. அதன் நிழல் 4-இன் நெடுங்கோடு போலவே நின்றது. வழி இதுதான்: கவரை 90 பாகை திருப்பி இன்னொரு ஸ்கேன். விளக்கு வேறு திசையிலிருந்து விழுவதால் நிழல் இடம் மாறும், மை மாறாது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, மேலடுக்கை ‘லைட்டன் ஒன்லி’ (இரண்டில் வெளிறியதை மட்டும் காட்டும் முறை) ஆக்கினால் ஒரு படத்தில் மட்டும் கறுத்த நிழல் மறைகிறது, இரண்டிலும் கறுத்த மை தங்குகிறது. பொருத்துவதில்தான் பொறுமை வேண்டும். 1200 டிபிஐயில் ஒரு மில்லிமீட்டருக்கு 47 பிக்சல். நாலைந்து பிக்சல் தவறினாலும் மெல்லிய மையும் நிழலோடு போய்விடும். தலையின் ஓட்டைப் பற்களில் எதிரெதிர் மூலையில் இரண்டைக் குறியாக வைத்துப் பொருத்தியதும் நெடுங்கோடு காணாமல் போனது. அடியில் படுக்கைவாட்டில் ஒரு தட்டையான பாதம்! 4-க்கு அது கிடையாது.

வட்டத்தின் விட்டத்தை அளந்து கப்பலைப் பிரிக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. ரப்பர் முத்திரைக்கு அது எடுபடாது. அழுத்திக் குத்தினால் விட்டம் பெருக்கும். எழுத்துகள் வட்டத்தில் எங்கே உட்கார்ந்திருக்கின்றன, எந்தக் கோட்டுக்கு நேராக வருகின்றன என்று ஒப்பிடுவதே மேல்.

இதே கவர்க் கட்டில் வந்த ‘அரிசோனா, 1941 டிசம்பர் 7’ கவர், அதாவது பேர்ல் ஹார்பரில் அந்தப் போர்க்கப்பல் மூழ்கிய நாளின் முத்திரை கொண்டது, போலி. 365 நானோமீட்டர் புறஊதா டார்ச்சில் தாள் பளீரென்று நீலவெண்மையாக ஒளிர்ந்தது. தாளுக்கு வெண்மை கூட்டும் அந்த ரசாயனம் போருக்குப் பிந்தையது. முகவரியில் நகரப் பெயருக்குப் பின் தபால் மண்டல எண் வேறு. அந்த எண்கள் 124 நகரங்களுக்கு வந்ததே 1943 மே மாதத்தில். விற்றவர் ‘அசல்’ என்று எழுதித் தந்திருந்தார். விலையுயர்ந்த தேதி என்றால் முதலில் டார்ச்சை எடுங்கள். பால்பாயிண்ட் எழுத்தையும் தேடுங்கள், அமெரிக்கக் கடைகளில் அது 1945 அக்டோபர் இறுதியில்தான் வந்தது.

லெக்சிங்டன், யார்க்டவுன், வாஸ்ப் மூன்றுக்கும் இதே இரட்டைப் பெயர்ச் சிக்கல் உண்டு. இந்தக் கவர்க் கட்டில் இருக்கும் வாஸ்ப் கவரில் ஆண்டு இலக்கம் விழவே இல்லை, மாதம் ஆகஸ்ட் என்று மட்டும் தெரிகிறது. முதல் வாஸ்ப் 1942 செப்டம்பர் 15-இல் மூழ்கியது, அடுத்தது 1943 நவம்பரில் பணியேற்றது. ஆக 1942 அல்லது 1944, 1945-ம் இருக்கலாம். தணிக்கை வட்டத்துக்குள் இருக்கும் தணிக்கை அதிகாரியின் சுருக்கொப்பத்தை வேறு வாஸ்ப் கவர்களோடு ஒப்பிட்டால் பிடிபடும். பச்சைச் சானலில் முதல் எழுத்து ‘ஜே’. இரண்டாவது எழுத்தின் மேல் பின்பக்கத்துப் பசைக் கறை ஊறியிருக்கிறது.

இதற்கிடையில் ஜெர்மன் பக்கமும் தொடங்க ஆசை: எம்டன் 1914 செப்டம்பர் 22-இல் சென்னையைச் சுடுவதற்கு முன், அப்போது ஜெர்மனி வசமிருந்த சீனத் துறைமுகமான சிங்டாவிலிருந்தபோது போன தபால். அங்கே முத்திரையில் கப்பல் பெயருக்குப் பதில் ‘மரீனே ஷிஃப்ஸ்போஸ்ட்’ (கடற்படைக் கப்பல் தபால்) எண்தான். அதற்கு முன் வாஸ்ப் கவரின் கறையை இன்னும் இரண்டு கோணத்தில் ஸ்கேன் செய்ய வேண்டும்.