மூணு மொட்டையும் நூறு கவரும்

மாமியார் திண்டுக்கல்லிலிருந்து வந்து ஆறு மாசம் தங்கப்போகிறார் என்று தெரிந்ததும் நான் செய்த முதல் வேலை, ஓஹாயோ பிளேயர்ஸ் இசைத்தட்டுகளை எடுத்து வருமான வரிக் காகிதங்கள் கிடக்கும் அட்டைப்பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்ததுதான். 1970களின் அந்த ஃபங்க் அட்டைகளைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். பார்க்காதவர்கள், வீட்டில் பெரியவர்கள் தூங்கிய பிறகு தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் பழைய சோல், ஃபங்க், ரிதம் அண்ட் ப்ளூஸ் ஆல்பங்களின் மறுபதிப்புகளைச் சேர்ப்பது எனக்கு ஒரு வியாதி. டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்த இரண்டாவது வருஷம் தொற்றிக்கொண்டது. மறுபதிப்பு என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரிஜினல் தேடி அலைகிறவர்கள் வேறு ரகம். ஃபிராங்க் வில்சன் என்பவர் 1965-இல் டெட்ராய்ட்டின் மோடவுன் இசைத்தட்டுக் கம்பெனிக்காகப் பாடிய ஒரு சிங்கிள், கடைக்குப் போவதற்கு முன்பே நிறுத்தப்பட்டுவிட்டது. தப்பிப் பிழைத்த ஓரிரண்டு பிரதிகளில் ஒன்று 2009-இல் 25,742 பவுண்டுக்கு விலை போனது. அதே பாட்டு மறுபதிப்பில் ஒரு பிரியாணி விலைக்குக் கிடைக்கிறது. ஆகவே நான் சிக்கனக்காரன். இதை மனைவியிடம் சொன்னபோது, "சரி, வாரத்துக்கு எத்தனை பிரியாணி?" என்று கேட்டாள். அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

மறுபதிப்பில் வெளியே சொல்லக்கூடாத இன்னொரு சௌகரியமும் உண்டு. எத்தனை முறை அச்சடித்தாலும் அட்டைப்படம் அதேதான். ஒரே ஆல்பத்தை மூன்று தடவை வாங்கி அலமாரியில் மூன்று மூலையில் செருகிவிட்டால், யார் கண்ணுக்கும் தெரியாது. தட்டின் முதுகு சுண்டுவிரல் நகத்தின் பாதி அகலம்கூட இராது. ஒன்றைப் பாடகர் பெயரில் வைப்பேன், இன்னொன்றை மெம்பிஸ் ஊர்க்காரர்கள் வரிசையில், மூன்றாவதை 'சமீபத்தில் கேட்டவை' பக்கம். நாலு வருஷம் இந்த ஏற்பாடு பிசகில்லாமல் ஓடியது.

அத்தை வந்த மூன்றாவது வாரம் ஒரு பார்சல் வந்தது. நான் ஆபீசில் இருந்தேன். போன் வந்தது.

"மாப்பிள்ளை, யாரோ உங்களுக்கு ஒரு மொட்டைத் தலையை அனுப்பியிருக்காங்க. பிரிச்சுப்புட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க."

ஐசக் ஹேய்ஸின் 'ஹாட் பட்டர்ட் சோல்'. 1969. அட்டை முழுக்க அவருடைய உச்சந்தலைதான், மேலிருந்து எடுத்த படம், பளபளவென்று. என்னிடம் அது மூன்றாவது பிரதி.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், சாப்பாட்டு மேஜையில் பழத்தட்டுக்குச் சாய்த்து நிறுத்தி வைத்திருக்கிறார். "பழனியிலயா போட்டாரு?" என்று கேட்டார். திண்டுக்கல்காரர் வேறு எப்படிக் கேட்பார்? "இல்லை அத்தை, இவர் மெம்பிஸ்காரர்" என்றேன். "அங்கயும் முருகன் கோயில் இருக்கா?"

போட்டுக் காட்டச் சொன்னார். அந்தத் தட்டில் மொத்தமே நாலு பாட்டு. கடைசிப் பாட்டு பதினெட்டரை நிமிஷத்துக்கு மேல் ஓடும், அதில் முதல் எட்டு நிமிஷம் அவர் பாடவே மாட்டார். ஆர்கன் ஒரே சுருதியில் நின்றுகொண்டிருக்க, மனைவியை விட்டுவிட்டுக் காரில் கிளம்பிப் போகிற ஒருவனின் கதையை ஆற அமரச் சொல்லிக்கொண்டிருப்பார். அத்தை மூன்று நிமிஷம் பொறுத்தார். "பாட்டு எப்ப?" என்றார். வரும் என்றேன். ஆறாவது நிமிஷத்தில் முருங்கைக் கீரை உருவ உட்கார்ந்துவிட்டார். எட்டாவது நிமிஷம் தாண்டி ஹேய்ஸ் பாட ஆரம்பித்தபோது, "அட, கதாகாலட்சேபம்! இதை முதல்லயே சொல்ல வேண்டாமா?" என்றார். அந்த ஆல்பத்தைப் பற்றி எத்தனையோ விமர்சனம் படித்திருக்கிறேன், இவ்வளவு சரியான சொல்லை யாரும் எழுதவில்லை.

கீரை உருவிக்கொண்டே காது கொடுத்தார் என்பதால் பின்கதையையும் சொன்னேன். ஸ்டாக்ஸ் என்று மெம்பிஸில் ஒரு சின்னக் கம்பெனி. பழைய சினிமா தியேட்டர்தான் ஸ்டுடியோ. அட்லாண்டிக் என்ற பெரிய கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தைச் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, 1968-இல் பிரியும்போதுதான் அதுவரை பதிவுசெய்த மாஸ்டர்கள், அதாவது மூலப் பதிவுகள், எல்லாம் தங்களுடையது இல்லை என்று கண்டுபிடித்தார்கள். கையில் ஒன்றுமில்லாமல் நின்றவர்கள், அடுத்த வருஷம் ஒரே வீச்சில் 27 ஆல்பங்களை இறக்கினார்கள். அதில் ஒன்றுதான் இந்த மொட்டை. "படிக்காமக் கையெழுத்துப் போட்டா அப்படித்தான். எங்க சித்தப்பா தோப்பு அப்படித்தான் போச்சு" என்றார் அத்தை. இன்றைக்கும், பிரிவதற்கு முன் ஸ்டாக்ஸில் பாடிய ஓட்டிஸ் ரெடிங்கின் மறுபதிப்பு ஒரு கம்பெனி வழியாகவும் ஹேய்ஸ் மறுபதிப்பு இன்னொரு கம்பெனி வழியாகவும் வருவதற்கு அந்தக் கையெழுத்துதான் காரணம்.

ஒரு சனிக்கிழமை டெட்ராய்ட் மோடவுன் மியூசியத்துக்கும் கூட்டிப்போனேன். வெஸ்ட் கிராண்ட் பூலவார்டில் ஒரு சாதாரண வீடுதான். மோடவுன் நிறுவனர் பெரி கார்டி 1959-இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கித் தொழிலை ஆரம்பித்தார். அந்தப் பணம், வீட்டிலிருந்த எல்லோரும் மாசாமாசம் போட்டுச் சேர்த்த பொது நிதியிலிருந்து வந்தது. "குடும்பச் சீட்டு!" என்றார் அத்தை உடனே. மாடியில் குடியிருப்பு, கீழே ஸ்டுடியோ. ஒரு மிட்டாய் மெஷின் இருக்கிறது. சின்னப் பையனாக வந்துகொண்டிருந்த ஸ்டீவி வொண்டருக்குக் கண் தெரியாது என்பதால், அவருக்குப் பிடித்த சாக்லேட்டை எப்போதும் ஒரே இடத்தில் வைப்பார்களாம். அத்தை அதன் முன்னால்தான் ரொம்ப நேரம் நின்றார். வெளியே வந்ததும், "சீட்டுப் பணத்துல அவரு தட்டுப் போட்டு வித்தாரு. நீங்க சம்பளத்துல தட்டு வாங்குறீங்க" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வினை செவ்வாய்க்கிழமை வந்தது. சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காத அத்தை, தூசு தட்டலாம் என்று என் அலமாரியில் கைவைத்திருக்கிறார். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது முகமெல்லாம் பெருமை.

"கன்னாபின்னான்னு கலைஞ்சு கெடந்துச்சு மாப்பிள்ளை. ஒரே மாதிரி இருக்கிறதை எல்லாம் ஜோடி ஜோடியாச் சேர்த்து வச்சுட்டேன்."

மொட்டை மூன்று, வரிசையாக. ஓட்டிஸ் ரெடிங்கின் 'ஓட்டிஸ் ப்ளூ' இரண்டு. மார்வின் கே இரண்டு. ஃபங்கடெலிக்கின் 'மேகட் பிரெயின்' மட்டும் தனியாகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. அதன் அட்டையில் ஒரு பெண்ணின் தலை மட்டும் மண்ணுக்கு மேலே அலறிக்கொண்டிருக்கும். திருப்பினால் மண்டை ஓடு. எந்தப் பக்கம் வைத்தாலும் ஆகாது என்று சுவரோரம் ஒதுக்கிவிட்டார்.

என் மனைவி அலமாரி முன்னால் நின்று விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். "பதினொண்ணு" என்றாள். உபரி மட்டும் பதினொன்று.

விளக்கினேன். 'ஓட்டிஸ் ப்ளூ'வில் மோனோவும் ஸ்டீரியோவும் ஒன்றில்லை, ஒரு பாட்டையே ஸ்டீரியோவுக்காகத் திரும்பப் பாடினார்கள், அதனால் இரண்டும் வேண்டும். அது நியாயமான வாதம், இப்போதும் சொல்வேன். "சரி, மொட்டை?" என்றாள். ஒன்று டிஜிட்டல் கோப்பிலிருந்து பள்ளம் வெட்டியது, ஒன்று அசல் டேப்பிலிருந்து வெட்டியது, மூன்றாவது 180 கிராம் எடை, கேட்டாலே வித்தியாசம் தெரியும் என்றேன். அந்தக் கடைசி மூன்று வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது.

என்னைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார்கள், மேகட் பிரெயின் பக்கத்திலேயே. மனைவி மாற்றி மாற்றி ஊசியை வைத்தாள். கண்ணை மூடிக் கேட்டேன். "இது! இந்த பேஸ் கிதாரைக் கேளு, அறைக்குள்ள நிக்குது. இதுதான் அசல் டேப்" என்றேன். பின்னால் சத்தமே இல்லை. திரும்பினால், முதன்முதலில் தள்ளுபடிக் கூடையில் எடுத்த டிஜிட்டல் பிரதி சுற்றிக்கொண்டிருந்தது.

அதோடு விட்டார்களா? அத்தை சமையலறைத் தராசைக் கொண்டுவந்தார். "நூத்தி எண்பது கிராம்னீங்களே." தட்டின் மேல் தட்டை வைத்தோம். 174. கையெடுத்துத் திரும்ப வைத்தோம். 174. அழுத்தும்போது ஐந்தாறு கிராம் முன்னே பின்னே வருவது சகஜம்தான். அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள், "எடையில வேற அடிச்சிருக்கான்" என்றார் அத்தை. தக்காளிக்காரனைச் சொல்லும் அதே குரல்.

தீர்ப்பு: ஒவ்வொன்றிலும் ஒன்று போதும். ஓட்டிஸுக்கு மட்டும் விலக்கு. ஆக பத்துத் தட்டு வெளியேற வேண்டும்.

விற்பதற்கு முன் புது பாலிதீன் கவர் போட்டால் பார்க்க நன்றாயிருக்கும் என்று அலமாரிக்கு அடியில் தேடினேன். நூறு கவர் கொண்ட கட்டு, போன மாதம்தான் வாங்கினேன். கட்டைக் காணோம். தற்செயலாகப் பின்பக்கக் கதவு வழியே பார்த்தேன். மிச்சிகன் ஜூலை வெயிலில், மரத் தளம் முழுக்க என் கவர்கள் சதுரம் சதுரமாக விரித்துக் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் கரண்டி கரண்டியாகக் கூழ்வடகம். நாலு மூலைக்கும் கூழாங்கல்.

"நல்ல தடிமன் மாப்பிள்ளை. ஒட்டவே மாட்டேங்குது. பாருங்க" என்று காய்ந்த ஒன்றை உரித்துக் காட்டினார். உண்மையில் அழகாக வந்தது. ஓரம்கூடப் பிய்யவில்லை.

பத்துத் தட்டையும் கவர் இல்லாமலே கடையில் கொடுத்தேன். கடைக்காரர் ஒவ்வொன்றையும் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, ரொக்கமாக என்றால் இவ்வளவு, கடையிலேயே வேறு வாங்கிக்கொள்வதானால் இவ்வளவு என்றார். இரண்டாவது கூடுதல். மனைவி முகம் கண்ணில் வந்தது. ரொக்கமாகவே வாங்கினேன். கடை வாசலில் ஐந்து நிமிஷம் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து அத்தை ஊருக்குப் பெட்டி கட்டும் பேச்சு வந்தது. திண்டுக்கல்லுக்கு எடுத்துப்போக அந்தக் கவர் இரண்டு கட்டு வேண்டும் என்றார். பக்கத்து வீட்டுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. அதே கடைக்கு அவரையும் கூட்டிப்போனேன். நான் கவுண்டரில் கவருக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அத்தை பழைய தட்டுப் பெட்டிகளைப் புடவைக் கடையில் மடிப்பு புரட்டுவது போலப் புரட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று குரல்.

"மாப்பிள்ளை! இது நம்ம மொட்டை இல்ல?"

நம்முடையதுதான். மூலையில் என் காபிக் கறை இருந்தது.

"எவ்வளவுக்குக் குடுத்தீங்க?"

"எட்டு டாலர், அத்தை."

ஸ்டிக்கரைப் பார்த்தார். 18. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். கடைக்காரரை மேலும் கீழும் பார்த்தார். அவர் பாவம், சிரித்தார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கதவைத் திறந்தாள். அத்தையின் ஒரு கையில் கவர்க் கட்டு, இன்னொரு கக்கத்தில் ஐசக் ஹேய்ஸ்.

"என்னம்மா இது?"

"அடகுக்கடையில இருந்து மீட்டுக்கிட்டு வர்றோம், நகரு" என்று சொல்லிவிட்டு நேராக அலமாரிக்குப் போய், இருக்கிற மொட்டையின் பக்கத்திலேயே ஜோடியாகச் செருகினார்.