பாத்ரூம் டைல்ஸ் வாங்க எல்லை தாண்டுன கதை

அக்டோபர் 19, 2024, சனி

பாத்ரூம உடைச்சாச்சு. குளிக்கற தொட்டிய சுத்தி இருந்த அந்த வெளிறிப்போன பிங்க் டைல்ஸ் மூணு மணி நேரத்துல மூட்டையாயிடுச்சு. மெக்சிகோ டைல்ஸ்தான் வேணும்னு மேஸ்திரிகிட்ட சொன்னேன், அவருக்கு பூர்வீகமே மெக்சிகோவுல சோனோரா மாநிலம் பக்கம், இங்க அரிசோனாவுல டூசான்ல ஒரு டைலுக்கு ரெண்டு டாலர் ஏன் குடுக்கறீங்க, ஒரு மணி நேரம் கார் ஓட்டுனா எல்லைக்கு அந்தப் பக்கம் நோகாலெஸ், அங்க பாதி விலைன்னாரு. அவ்ளோதான், எனக்கு தூக்கம் போச்சு.

அக்டோபர் 25, வெள்ளி

செவுத்த அளந்தோம். 40 சதுர அடி. நாலு இஞ்ச் டைல்னா சதுர அடிக்கு 9, ஆக 360. வளைஞ்சது உடைஞ்சதுன்னு போகும், 400 வாங்குங்கன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. நம்ம கார் இன்சூரன்ஸ் எல்லைக்கு அந்தப் பக்கம் செல்லாது, அதனால ஒரு நாளைக்கு மட்டும் மெக்சிகோ இன்சூரன்ஸ் ஆன்லைன்ல போட்டாரு எங்க வீட்டுக்காரர். வெள்ளை டைல் போட்டா இந்த அலைச்சலே இல்லன்னு நாலாவது தடவையா சொன்னாரு, காதுலயே வாங்கல.

அக்டோபர் 26, சனி

காலைல ஏழு மணிக்கு கிளம்பியாச்சு. நோகாலெஸ் போற ஐ-19 ரோட்டுல தூரமெல்லாம் கிலோமீட்டர்ல போட்டிருக்கும், அமெரிக்காவுல வேற எந்த இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைலயும் இப்படி இல்ல, 1980 வாக்குல மெட்ரிக்குக்கு மாறப் போறோம்னு ஆரம்பிச்சு அப்படியே விட்டுட்டாங்க. நூறு கிலோமீட்டர்னு போர்டுல பாத்தா எனக்கு மதுரைக்குப் போற மாதிரியே இருக்கும்.

நோகாலெஸ் கடைத்தெரு முழுக்க செண்டுமல்லி. அடுத்த வாரம் அவங்களுக்கு செத்தவங்களுக்குப் படைக்கற நாள். நம்ம ஊர்ல ஆயுத பூஜைக்கு லாரில கட்டுற அதே பூ, அதோட பொறந்த ஊரே மெக்சிகோதான்.

டைல் கடைல ஒரு தாத்தா. நான் ரெண்டு வாரமா வீடியோ பாத்த தெம்புல இதெல்லாம் புவெப்லா ஊரோட பேர்போன, கையால வரையற தலாவெரா டைலான்னு கேட்டேன். சிரிச்சுட்டாரு. இது டோலோரெஸ் இடால்கோங்கற ஊர்ச் சரக்கும்மா, புவெப்லாவுலயும் பக்கத்துல தலாஸ்காலாவுல கொஞ்ச இடத்துலயும் பழைய முறைப்படி செய்யறதுக்குத்தான் சட்டப்படி அந்தப் பேரு, நம்ம காஞ்சிப் பட்டுக்கு இருக்கற மாதிரி, அத வாங்குனா உங்க பட்ஜெட்டுல ஒரு செவுத்துல பாதி கூட வராதுன்னாரு. (காஞ்சிப் பட்டு நான் சேத்தது.) பொய் சொல்லி வித்திருக்கலாம், சொல்லல, அதுக்காகவே அங்கயே வாங்கிட்டேன்.

மிச்சத்த தரைக்கும் போடலாம்னு ஒரு ஆசை இருந்துச்சு, அதையும் வேணாம்னுட்டாரு. எனக்கு மனசுல ஓடுனது ஆத்தங்குடி கல்லு. ஆனா அது சிமெண்ட்டு, கண்ணாடி மேல கலர ஊத்தி வார்க்கறது, சூளைக்கே போகாது. இது சுட்ட களிமண்ணு, மேல மெருகு பூசி மறுபடி சுடுவாங்க, கால் பட்டா மெருகு தேயும், ஈரத்துல வழுக்கும். செவுத்தோட நிக்கட்டும்.

நீலமும் மஞ்சளும் கலந்து எட்டு டிசைன், ஒவ்வொண்ணுலயும் 50. எதுவும் ஒண்ணு போல இல்ல, ஒண்ணு தடியா இருக்கு ஒண்ணு மெலிசா இருக்கு, ஒரு பூவுக்கு அஞ்சு இதழ் அடுத்ததுக்கு அஞ்சரை. டைல் ஒண்ணு 90 சென்ட். கூடவே பூ வரைஞ்ச ஒரு வாஷ்பேசின் 70 டாலர். சாம்பார் ஊத்தி வைக்கலாம்னு ஒரு கிண்ணத்தையும் எடுத்தேன், சாப்பாட்டுக்கு வேணாம்மா, மெருகுல ஈயம் இருக்கும், மாட்டி வைங்கன்னாரு. சரி, செவுத்துக்கு இன்னொண்ணு.

திரும்பறப்ப எல்லைல ஒண்ணரை மணி நேர கியூ. டிக்கில 80 கிலோ, காரோட பின்பக்கம் கர்ப்பிணி மாதிரி தாழ்ந்து போச்சு. என்ன இருக்குன்னு கேட்டாங்க, டைல்னோம், ரசீது காட்டுனோம், ஆளுக்கு 800 டாலர் வரைக்கும் வரி கிடையாது. எல்லை தாண்டி வர்ற வழில டூபாக் பக்கம் செக்போஸ்ட்ல மறுபடியும் டிக்கிய திறக்கச் சொன்னாங்க. அந்த ஆபீசர் ஒரு டைல எடுத்துப் பாத்துட்டு எங்க வாங்குனீங்கன்னு கடை பேர குறிச்சுக்கிட்டாரு, அவர் வீட்லயும் வேலை நடக்குது போல.

ராத்திரி அம்மாவுக்கு வீடியோ கால். "ஏன்டி, கோணல் மாணலா இருக்கறத காசு குடுத்தா வாங்குன?"

அக்டோபர் 27, ஞாயிறு

பிரிச்சு எண்ணுனோம். 11 உடைஞ்சிருக்கு. பரவால்ல.

நவம்பர் 3, ஞாயிறு

மேஸ்திரி டைல்ஸ ஒரு தொட்டில ஊற வச்சுத்தான் ஒட்டுறாரு, காஞ்ச டைல் பசையில இருக்கற தண்ணிய இழுத்துக்கும், அப்புறம் பிடிக்காதாம். டைல் இடுக்க அடைக்கற கிரவுட்டும் மணல் இல்லாததா வாங்கி வரச் சொன்னாரு, மணல் மெருகுல கீறிடும். நடுவுல எங்க வீட்டுக்காரர் டேப்ப வச்சுக்கிட்டு கோடு நேரா இல்லன்னு நின்னாரு, மேஸ்திரி அவர் கையில இருந்து டேப்ப மெதுவா வாங்கி தன் பாக்கெட்ல போட்டுக்கிட்டாரு.

செவுரு முடிஞ்சது. வாஷ்பேசின்தான் வம்பு, அதுல வழிஞ்சா போற ஓட்டை கிடையாது, அதுக்குன்னு வேற மாதிரி டிரெயின் வேணுமாம், ஆர்டர் போட்டிருக்கு, வியாழக்கிழமை வரும். அதுவரைக்கும் கிச்சன் சிங்க்லதான் பல்லு விளக்கணும்.